பிரடை ஏன் நழுவுவதில்லை?

வயலின் வாசிப்பவர் கச்சேரி தொடங்குமுன் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாத்தியத்தின் தலைப்பகுதியில் நான்கு மர முளைகள் உள்ளன. இவற்றுக்குப் பிரடை என்று பெயர். வீணையிலும் பிரடைகள் உண்டு. பிரடையைச் சற்றுத் திருகினால் தந்தி இறுகுகிறது, சுருதி ஏறுகிறது. கையை எடுத்தாலும் அது அப்படியே நிற்கிறது.

மேலைநாட்டு முறையில் சுருதி சேர்த்த வயலினில் நான்கு தந்திகளும் சேர்ந்து 20 கிலோகிராம் எடைக்கு மேற்பட்ட விசையுடன் இழுக்கின்றன. வழக்கமான பிரடையிலோ பல்சக்கரம் இல்லை, பசையும் இல்லை. பின் எப்படி இந்தச் சிறு முளை நழுவாமல் நிற்கிறது?

ஆப்பு செய்யும் வேலை

ஒன்றினுள் ஒன்றாக அடுக்கிய இரண்டு டம்ளர்கள் சில வேளைகளில் பிரிக்க முடியாதபடி இறுகிக்கொள்ளும். டம்ளரின் சுவர் சாய்வாக இருப்பதே அதற்குக் காரணம். பிரடையும் அத்தகையதே. பார்வைக்கு உருளைபோல் தோன்றினாலும், அது மிக மெல்லச் சரியும் கூம்பு. 30 மி.மீ. நீளத்திற்கு அதன் விட்டம் 1 மி.மீ. குறைகிறது. அது நுழையும் துளைகளும் இதே சரிவில் குடையப்பட்டிருக்கும்.

கூம்பை உள்ளே அழுத்தும்போது அது ஆப்பாகிறது. உராய்வு குறுக்கிடாவிட்டால், நாம் அழுத்தும் விசையைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு விசையுடன் அது துளையின் சுவரை நெருக்கும். நேராக அழுத்தினால் உராய்வு எதிர்த்து நின்று இதைப் பெரிதும் குறைத்துவிடும். ஆனால் திருகிக்கொண்டே அழுத்தினால் உராய்வு சுழற்சியைத்தான் முக்கியமாக எதிர்க்கும். ஆப்பு எளிதில் உள்ளே செல்லும். இசைக் கலைஞர்கள் பிரடையைத் திருகும்போதே உள்நோக்கி அழுத்துவது இதனால்தான். கையை எடுத்ததும், சுவரை நெருக்கும் அந்த விசையால் எழும் உராய்வே தந்தியின் இழுப்பைத் தாங்குகிறது.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

பிரடையின் விட்டம் 0.1 மி.மீ. கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது துளையில் 3 மி.மீ. முன்னதாகவே நின்றுவிடும், அவ்வளவுதான். சரிவு தவறினாலோ பிழை பெரிது. 30க்கு 1 என்பதற்குப் பதிலாக 25க்கு 1 என்று கடைந்துவிட்டால், 30 மி.மீ. நீளத்தில் 0.2 மி.மீ. வேறுபாடு வரும். பிரடை தலைப்பகுதியின் இரண்டு சுவர்களையும் பற்ற வேண்டும். இப்போது ஒரு சுவரை மட்டுமே பற்றும்; மறு சுவரில் ஆடும். சுருதி நிற்காது.

லேத்தில் கடைதல்

மரத்துண்டை இரு முனைகளுக்கிடையே பொருத்திச் சுழலவிட்டு, உளியை அச்சுக்கு இணையாக நகர்த்தினால் உருளை கிடைக்கும். கூம்பு வேண்டுமானால் ஒரு முனையைப் பக்கவாட்டில் சிறிது நகர்த்த வேண்டும். எவ்வளவு? 90 மி.மீ. நீளத் துண்டில் விட்டம் 3 மி.மீ. குறைய வேண்டும். ஆரம் குறைவது அதில் பாதி. ஆகவே முனையை 1.5 மி.மீ. நகர்த்தினால் போதும்.

மெல்லிய துண்டைக் கடைவதில் இன்னொரு தொல்லை உண்டு. தடிமன் பாதியானால், அதே விசைக்குத் துண்டு 16 மடங்கு அதிகமாக வளையும். உளி அழுத்தினால் நடுப்பகுதி விலகிச் செல்லும். அங்கே மரம் குறைவாகச் சீவப்பட்டு நடு பருத்துவிடும். எனவே உளி கூர்மையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மிக மெல்லிய சீவலையே எடுக்க வேண்டும். வேகமும் தேவை. 80 மி.மீ. விட்டமுள்ள கட்டை நிமிடத்திற்கு 300 சுற்றுச் சுற்றும்போது அதன் பரப்பு எவ்வளவு வேகத்தில் ஓடுமோ, அதே வேகம் 8 மி.மீ. பிரடைக்குக் கிடைக்க 3,000 சுற்று வேண்டும்.

கடைசியாக, பென்சில் சீவியைப் போன்ற ஒரு கருவியில் பிரடையைச் செருகித் திருகுவார்கள். அதன் துளையும் 30க்கு 1 சரிவுடையது. அதில் பொருத்திய அலகு மீதியுள்ள பிழையைச் சீவிவிடும்.

மரம் உயிரற்றதன்று!

இவ்வளவும் செய்த பிறகும் மரம் சும்மா இருப்பதில்லை. உலரும்போது அது நீளவாக்கில் மிகக் குறைவாகவே சுருங்கும். ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவதோ, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஈரமரத்தில் வட்டமாகக் கடைந்த பிரடை சில மாதங்களில் நீள்வட்டமாகிவிடுவது இதனாலேயே. அதனால் கருங்காலி, ஈட்டி போன்ற உறுதியான மரங்களை நன்கு உலர்த்தி, முதலில் சற்றுப் பருமனாகக் கடைந்து, சில காலம் வைத்திருந்து, பிறகே இறுதி அளவுக்குக் கொண்டுவருவார்கள். அப்படியும் மழைக்காலத்தில் பிரடை உப்பி இறுகுவதும், வறண்ட காலத்தில் தளர்வதும் உண்டு.

பொருத்தம் சரிதானா என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. பிரடையின் மீது சுண்ணக்கட்டியைத் தேய்த்து, துளையில் செருகிச் சுற்றி எடுப்பார்கள். சுவர்கள் தொட்ட இடத்தில் சுண்ணம் தேய்ந்து பளபளக்கும். இரண்டு முழு வளையங்கள் தெரிந்தால் பொருத்தம் சரி. வளையம் விட்டுவிட்டுத் தெரிந்தால் பிரடையோ துளையோ வட்டமாக இல்லை. ஒரே வளையம் தெரிந்தால் சரிவு தவறு.

உங்கள் வீட்டு டம்ளரின் சரிவு எவ்வளவு? வாய் விட்டத்தையும் அடி விட்டத்தையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து, வேறுபாட்டை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். பிரடையின் சரிவோடு ஒப்பிடுங்கள்.