ஸ்டீயரிங் நடுங்குவது ஏன்?

தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒழுங்காக ஓடிய பிக்கப் வண்டி, தார்ச்சாலையில் வேகம் கூடியதும் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்குவதுண்டு. “பழைய வண்டி, அப்படித்தான்” என்று நாம் அலட்சியமாக இருத்தல் கூடாது. நடுக்கம் எப்பொழுது உண்டாகிறது என்பதைக் கவனித்தால், பழுது இருக்கும் இடம் பெரும்பாலும் புலனாகும்.

மணிக்கு 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் நடுங்கினால், முன்சக்கரங்கள் சமநிலை இழந்திருக்கலாம். ரிம்மின் உட்புறம் காய்ந்து ஒட்டிய சேறே இதற்குப் போதும். முதலில் அதனைக் கழுவி அகற்றுவோம். அதன் பின்னரும் நடுக்கம் நீங்காவிடில், பட்டறையில் சக்கரங்களைப் பேலன்ஸ் செய்தல் வேண்டும். டயரில் புடைப்பு காணப்பட்டால் அதனை உடனே மாற்றுவது அவசியம்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், பிரேக் டிஸ்க் சீரற்றுத் தேய்ந்திருக்கக்கூடும். குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கையை உதறுமாயின், ஸ்டீயரிங் இணைப்புகளோ சக்கரப் பேரிங்கோ தளர்ந்திருக்கலாம். இவ்விரண்டையும் மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டுதல் ஆபத்தாகும்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பின் நடுக்கம் தோன்றினால், அப்பொழுதே வண்டியை ஓரமாக நிறுத்தி நட்டுகளைச் சோதிக்க வேண்டும். அவற்றை வரிசையாக அன்றி, எதிரெதிராக முடுக்குவதே முறை. தளர்ந்த நட்டினால் சக்கரமே கழன்றுவிடக்கூடும்.

வண்டியில் நம்மோடு வருபவர்கள் நம் உடன் உழைப்பவர்கள். நடுக்கம் தரும் எச்சரிக்கையை அன்றே மதித்து நடப்போமாக!