தோலுக்கு அடியில் ஒரு சுண்டெலி

முழங்கையை மடக்கி முறுக்கிப் பாருங்கள். மேல்கையில் ஏதோ ஒன்று திரண்டு எழும்பும். நீட்டினால் பதுங்கிவிடும். பழைய ரோமானியர்களின் கண்ணுக்கு அது வளைக்குள் ஓடும் எலியாகப் பட்டிருக்க வேண்டும். லத்தீனில் 'மூஸ்' என்றால் எலி, 'மூஸ்குலுஸ்' என்றால் குட்டி எலி. தசைக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அதுதான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'மஸில்' ஆனது. ஜிம்முக்குப் பணம் கட்டி வளர்ப்பது, சொல்லின்படி பார்த்தால், சுண்டெலியைத்தான். நிஜமான வீட்டுச் சுண்டெலிக்கு 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரும் 'மூஸ் மூஸ்குலுஸ்'தான்.

கிரேக்கர்களும் எலிக்கும் தசைக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். மருத்துவச் சொற்களின் முன்னால் வரும் 'மயோ' அதிலிருந்து பிறந்தது. காய்ச்சலோடு வரும் உடம்புவலியை டாக்டர் 'மயால்ஜியா' என்று எழுதுவார். 'அல்கோஸ்' என்றால் வலி. இதயத் தசைக்கு 'மயோகார்டியம்'. 'கார்டியா' என்பது இதயம். பிள்ளையார் ஏறி வரும் மூஷிகம்கூட இந்த எலிகளுக்குப் பங்காளிதான். லத்தீன், கிரேக்கம், வடமொழி மூன்றுக்கும் மூலம் ஒன்று.

இனி காலுக்கு வருவோம். முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் புடைத்திருக்கும் தசையை உடற்கூற்று நூல்கள் 'காஸ்ட்ரோக்னீமியஸ்' என்கின்றன. வாயில் நுழையாத பேர்தான். பிரித்தால் ஒன்றுமில்லை: 'காஸ்டெர்' என்றால் வயிறு, 'க்னீமே' என்றால் முழங்காலுக்குக் கீழுள்ள கால். ஆக, காலின் வயிறு! நாம் அதே இடத்தைக் கெண்டைக்கால் என்கிறோம். கிரேக்கர் வயிற்றைப் பார்த்த இடத்தில் நம் சொல்லில் மீன் இருக்கிறது. எனக்கு மீன்தான் பொருத்தமாகப் படுகிறது. நடுவில் பருத்து முனையில் ஒடுங்கும் அந்த வடிவம் கெண்டையேதான். நடுராத்திரியில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்போது அது துள்ளுவதும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. 'மயோ' என்று ஆரம்பித்தாலே எலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கிட்டப்பார்வைக்குச் சொல்லும் 'மயோபியா'வில் எலியும் இல்லை, தசையும் இல்லை. மூடுவதைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல்லும், கண் என்ற பொருளுள்ள 'ஓப்ஸ்' என்பதும் சேர்ந்தது அது. தூரத்தில் வரும் பஸ்ஸின் எண்ணைப் படிக்கக் கண்ணை இடுக்குகிறவர்களைப் பார்த்து வைத்த பெயர்.