கூடாரத்தைச் சுமப்பவர்கள்

சென்ற கோடை விடுமுறைக்குச் சில வாரங்கள் முன்பு, ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து நான் கோவிலைவிட்டு வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பதியர் வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்திருந்தனர். அவர்களுக்கு மணமாகி அவ்வாண்டோடு இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுறுகின்றன. பெங்களூரில் பணிபுரியும் மகன், பெற்றோருக்கு வெள்ளிவிழாப் பரிசாக ஒரு காட்டோரத்தில் இரண்டு நாள் கூடார வாசம் ஏற்பாடு செய்ய விரும்பிப் படங்களை அனுப்பியிருந்தான்.

"சாமி, இதைக் கொஞ்சம் பாருங்க. கூடாரம்னு சொல்றான். உள்ளே கட்டில், மெத்தை, ஏ.சி., வெந்நீர்க் குழாய் எல்லாம் இருக்கு. ஓர் இரவுக்குப் பதினாலாயிரமாம். அந்தப் பணத்துக்கு நம்ம அடுப்பங்கரைக் கூரையை மாத்திரலாமே" என்றார் கணவர்.

"இருபத்தஞ்சு வருஷத்துல நாம எங்கே போனோம்? பிள்ளை ஆசையாச் செய்றான்" என்றார் மனைவி.

இருவருமாகச் சேர்ந்து என்னை நடுவராக நிறுத்திவிட்டனர். குடும்ப வழக்குகளில் உடனே தீர்ப்புச் சொல்லும் குருவானவர் பின்னர் வருந்துவார் என்பது என் அனுபவம். எனவே ஒரு வாரம் தவணை கேட்டேன். அவ்வாரத்தில் படித்தறிந்தவற்றையும், எனக்கு முன்பே தெரிந்தவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடையதாயிருக்கும் என எண்ணுகிறேன். ஏனெனில் இத்தகைய படங்கள் இன்று பல இல்லங்களின் கைபேசிகளில் வந்து சேர்கின்றன.

இவ்வகைச் சொகுசுக் கூடார வாசத்துக்கு ஆங்கிலத்தில் 'கிளாம்பிங்' என்று பெயர். கவர்ச்சியைக் குறிக்கும் 'கிளாமர்' என்ற சொல்லையும் 'கேம்பிங்' என்ற சொல்லையும் ஒட்டவைத்துப் பிறந்த சொல் அது. 2016-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலும் இடம்பிடித்துவிட்டது. சொல் புதியதேயன்றிப் பொருள் புதியதன்று. அரசர்களும் பிரபுக்களும் பன்னெடுங்காலமாகச் செய்து வந்ததை, மாதச் சம்பளம் வாங்கும் குடும்பமும் இரண்டு நாளைக்குச் செய்து பார்க்கலாம் என்பதே இதிலுள்ள புதுமை.

பேரரசர் அக்பரின் பாளையத்தைப் பற்றி அவருடைய அமைச்சர் அபுல் ஃபசல் தம் 'அயினி அக்பரி' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு முறை கூடாரமடிப்பதற்கான பொருள்களைச் சுமக்க 100 யானைகள், 500 ஒட்டகங்கள், 400 வண்டிகள், 100 சுமைகாரர்கள் தேவைப்பட்டனராம். கூடாரம் அடிக்கவும் கம்பளம் விரிக்கவும் 1,000 பேர். வழியைச் செப்பனிட 500 பேர். தண்ணீர் சுமக்க 100 பேர். கூட்டிப் பெருக்க 150 பேர். இதில் மற்றொரு வியப்பும் உண்டு. இப்படிப்பட்ட கூடாரத் தொகுதிகள் இரண்டு இருந்தன. மன்னர் ஒன்றில் உறங்கும்போதே மற்றொன்று அடுத்த தங்குமிடத்திற்கு முன்னே சென்றுவிடும். மறுநாள் மாலை அவர் அங்குப் போய்ச் சேரும்போது, அதே அறைகளும் அதே திரைகளும் அதே இடத்தில் அவருக்காகக் காத்திருக்கும்!

இப்பாளையத்தை நேரில் கண்டு எழுதிய நம்மவர் ஒருவரும் உண்டு. அந்தோனி மொன்செராத் என்ற இயேசு சபைக் குரு, முத்திப்பேறு பெற்ற ருடால்ப் அக்குவாவீவா அடிகளோடு 1580-இல் ஃபத்தேப்பூர் சிக்ரி சேர்ந்து, அக்பரின் மகன் முராதுக்கு ஆசிரியராயிருந்தவர். 1581-இல் பேரரசர் காபூலை நோக்கிப் படையெடுத்தபோது அவரும் உடன் சென்றார். இலத்தீனில் அவர் எழுதிவைத்த குறிப்புகள் நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1906-இல் கல்கத்தாவில் கண்டெடுக்கப்பட்டன. நகரமே நகர்ந்து செல்வதுபோன்ற அந்தப் பாளையத்தையும், அதன் கடைவீதிகளையும், இருளில் வழிதவறியோர் திரும்பிச் சேர்வதற்காக உயர்ந்த கம்பத்தில் ஏற்றப்பட்ட விளக்கையும் அவர் குறித்திருக்கிறார். அந்த விளக்குக் கம்பம் 40 கஜத்துக்கும் மேல் உயரமானது, 16 கயிறுகளால் இழுத்துக் கட்டப்பட்டது என்கிறார் அபுல் ஃபசல்.

இவற்றைப் படித்தபோது என் மனத்தில் நின்றது மன்னரின் பட்டுத்திரையன்று. தண்ணீர் சுமந்த அந்த நூறு பேர். கூடாரம் என்பது இலேசான பொருள்தான். அதனுள்ளே அரண்மனையின் வசதி வேண்டும் என்னும்போதுதான் அது கனக்கத் தொடங்குகிறது. அந்தக் கனம் யாரோ ஒருவர் தோளில் ஏறத்தான் வேண்டும். தூய பவுலடியாரும் கொரிந்து நகரில் கூடாரம் செய்து பிழைத்தவர். அத்தொழிலாளிக்குத் தாம் தைத்த கூடாரம் யாருக்கு நிழல் தருகிறது, யார் முதுகில் ஏறுகிறது என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

இன்றைய சொகுசுக் கூடாரங்களின் நேரடி மூதாதையை ஆப்பிரிக்காவில் காணலாம். 'சஃபாரி' என்பது பயணத்தைக் குறிக்கும் சுவாகிலிச் சொல். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்து ஓய்வு பெற்ற தியோடர் ரூஸ்வெல்ட், 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குச் சென்றார். அருங்காட்சியகத்துக்கு விலங்குகள் சேர்ப்பதும் அப்பயணத்தின் நோக்கம். அவருடன் இருநூறுக்கும் மேற்பட்ட சுமைகாரர்கள் நடந்தனர். அக்காலத்தில் ஓர் ஆளுக்கு வழக்கமான சுமை 60 ராத்தல், அதாவது ஏறத்தாழ 27 கிலோ. வாசிக்க விரும்பிய நூல்களைப் பன்றித்தோலில் கட்டுவித்து எடுத்துச் சென்றார் ரூஸ்வெல்ட். அந்தப் பெட்டியையும் ஒருவர் சுமந்தார். மாலையில் கூடாரத்தில் வெந்நீர்க் குளியல், விரித்த மேசையில் உணவு என்ற வழக்கம் இத்தகைய வேட்டைப் பயணங்களில்தான் உறுதிப்பட்டது. இன்றும் பல கூடார விடுதிகளில் 'வாளிக் குளியல்' உண்டு. கூடாரத்துக்கு மேலே தொங்கும் வாளியில் ஒரு பணியாளர் வெந்நீரை ஊற்றுவார். உள்ளே விருந்தினர் குழாயைத் திறந்து குளிப்பார். பழமையின் இனிமை என்று விளம்பரங்கள் புகழும் அந்தக் குளியலில், வெளியே நிற்கும் மனிதரை யாரும் படம் எடுப்பதில்லை.

கென்யா 1977-இல் வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கியின் இடத்துக்குப் புகைப்படக் கருவி வந்தது. மசாய் மாரா காப்பகத்தைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களில் கூடார விடுதிகள் பெருகின. அவற்றுள் சில இடங்களில் ஒரு நல்ல முறையும் உருவாகியது. நிலத்துக்கு உரியவர்களான மசாய்க் குடும்பங்கள் தங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்துக் குத்தகைக்கு விடுகின்றன. அவற்றுக்கு மாதந்தோறும் குத்தகைப் பணம் வந்து சேருகிறது. 700 ஏக்கருக்கு ஒரு கூடாரத்துக்கு மேல் கூடாது என்று எல்லை வகுத்துக்கொண்ட காப்பகங்களும் உள்ளன. ஆயினும், தம் சொந்த நிலத்திலேயே மாடு மேய்க்க நாளும் நேரமும் பார்த்துச் செல்ல வேண்டிய நிலை அம்மக்களுக்கு ஏற்பட்டதையும் மறைக்கலாகாது. 2020-இல் நோய்த்தொற்றினால் பயணிகள் வருகை நின்றபோது, அந்தப் பணத்தை நம்பியிருந்த குடும்பங்கள் தவித்தன.

நம் நாட்டுக்கு வருவோம். நீலகிரி மலைச்சரிவுக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் இடையே சீகூர்ச் சமவெளி இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் அது. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறு பக்கம் ஆழமான பள்ளம். முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே போய்வரும் யானைக்கூட்டங்களுக்கு நடுவிலுள்ள இந்த ஒடுக்கமான நிலமே வழி. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் ஆகிய ஊர்கள் இங்கேதான் உள்ளன. அழகிய இடம், ஆகவே விடுதிகள் வந்தன. விடுதிகள் வந்ததால் வேலிகள் வந்தன. மின்வேலி கட்டிய விருந்தினர் இல்லத்துக்குள் இருந்துகொண்டு, வெளியே யானை தெரிகிறதா என்று பார்ப்பது ஒரு பொழுதுபோக்காயிற்று. அந்த யானை எங்கே போகப் புறப்பட்டதோ, வேலியைக் கண்டு எங்கே திரும்பிற்றோ, யார் அறிவார்?

தமிழ்நாடு அரசு 2010-இல் இதனை யானை வழித்தடமாக அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் அதனை உறுதி செய்தது. 2018 ஆகஸ்டில், உரிய அனுமதியின்றி நடந்த விடுதிகளை மூடி முத்திரையிட உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 அக்டோபர் 14-இல் இறுதியாக வழித்தடத்தை நிலைநிறுத்தித் தீர்ப்பளித்தது. அங்கு வாழும் எளிய மக்களுள் பலர் இதனால் மனம் வருந்தினர். ஓட்டுநர்களாகவும் சமையற்காரர்களாகவும் வேலை பார்த்தவர்கள் அவர்கள். அவர்களுடைய முறையீட்டில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். விடுதி கட்டியவர் வேறிடம் தேடிக்கொள்வார்; பாத்திரம் தேய்த்தவருக்கு அது எளிதன்று.

தீர்ப்பு வந்து மூன்று மாதங்களே கடந்திருந்தன. 2021 சனவரியில், மசினகுடிப் பகுதியில் ஒரு தங்கும் விடுதியின் அருகே வந்த யானைமீது எரியும் பொருளை வீசினர். காதில் பற்றிய நெருப்போடு அது இருளில் ஓடியது. ஏறத்தாழ நாற்பது வயதான அந்த யானை, தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டு செல்லும் வழியில் சனவரி 19-இல் இறந்தது. லாரியில் கிடந்த அதன் துதிக்கையைத் தடவியபடி வனக்காவலர் ஒருவர் அழுத காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதே வாரத்தில், சனவரி 23-ஆம் நாள் இரவு, வயநாட்டில் மேப்பாடிக்கு அருகே ஒரு கூடார விடுதியில் தங்கியிருந்த இளம் ஆசிரியை ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். ஒரே வாரத்தில் ஒருபுறம் மனிதரால் யானை மாண்டது; மறுபுறம் யானையால் மனிதர் மாண்டார். வழியில் கூடாரம் அடித்தவர் யாரோ, விலை கொடுத்தவர் யாரோ!

கடற்கரையிலும் இதே கதைதான், விளக்கொளியில் நடக்கிறது. நம் கரைகளில் சனவரி முதல் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வந்து மணலில் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் அடிவானத்தில் எங்கே வெளிச்சம் மிகுதியோ அங்கே கடல் இருக்கிறது என்று நம்பி நகரும். கரையோரக் கூடாரங்களில் சரவிளக்குகள் எரிந்தால், அவை கடலுக்கு முதுகு காட்டி ஊர்ந்து மணலிலேயே மடிந்துபோகும். மீனவர் நிலையையும் எண்ண வேண்டும். சுற்றுலாக்காரர் கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றும் மணல்வெளி, படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் பயன்படும் பணிமனை. ஊரகக் கடற்கரையில் 200 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்று 1991-இல் வந்த விதி, மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களில் 50 மீட்டராக 2019-இல் குறைக்கப்பட்டது. கூடாரம் கட்டடமன்று என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் அதன் கழிவுநீர்த் தொட்டி என்ன, துணியாலா ஆனது?

மறு ஞாயிறு தம்பதியர் வந்தபோது, போகலாம் என்றே சொன்னேன். கணவருக்கு ஏமாற்றம். இருபத்தைந்து ஆண்டுகள் சமையற்கட்டில் நின்ற பெண்மணி, இரண்டு நாள் பிறர் சமைத்ததை உண்டு மரங்களைப் பார்த்திருப்பது ஆடம்பரமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இடத்தை முடிவு செய்யுமுன், மகன் விடுதிக்குத் தொலைபேசியில் பேசிச் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும் என்றேன். உள்ளாட்சி அனுமதி உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, இரவில் விளக்குகளை எத்தனை மணிக்கு அணைக்கிறார்கள், பணியாளர்கள் எங்கே உறங்குகிறார்கள்?

மகன் கேட்டிருக்கிறான். முதலில் படம் அனுப்பிய காட்டோர விடுதியில், அனுமதியைப் பற்றிக் கேட்டவுடன், "உங்களுக்கு அறை வேண்டுமா, வேண்டாமா?" என்றார்களாம். இரண்டாவது இடத்தில் யானையைக் கூடாரத்திலிருந்தே காணலாம் என்று உறுதி கூறினார்களாம். அதனாலேயே அதையும் விட்டுவிட்டான். கடைசியில், காட்டைவிட்டு விலகி ஒரு காப்பித் தோட்டத்தின் நடுவே, குளிர்சாதனம் இல்லாத கூடாரம் ஒன்று கிடைத்தது. முதலில் கேட்டதில் பாதி விலைதான். கடைசிக் கேள்வியை மட்டும் அவன் கேட்க மறந்துவிட்டான்.

திரும்பி வந்தபின் கணவரே அதிகம் பேசினார். இரவெல்லாம் தவளைச் சத்தம், விடியலில் கூடாரத் துணிமேல் முத்து முத்தாகப் பனி, இப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை வருடம் என்றெல்லாம் சொன்னார். அடுப்பங்கரைக் கூரையை மறந்தே போனார். மனைவி சற்று நேரம் கழித்துச் சொன்னார்:

"காலையில் ஒரு பையன் வெந்நீர் கொண்டுவந்தான் சாமி. பதினெட்டு, பத்தொன்பது வயசிருக்கும். ஒடிசா பக்கமாம். அந்தக் குளிர்ல மேலே ஒரு பனியன்தான். தம்பி, நீ ராத்திரி எங்கே படுக்கிறேன்னு கேட்டேன். சமையற்கட்டுக்குப் பின்னாடி தார்ப்பாய் கட்டியிருக்கோம்னான். போய்ப் பார்த்தேன். நாலு பேர் இருந்தாங்க. நான் கொண்டுபோன கம்பளியைக் கொடுத்துட்டு வந்தேன். முதலாளிக்கிட்டேயும் சொன்னேன். அடுத்த மாசம் ஒரு அறை கட்டப்போறேன்னாரு."

கட்டினாரா என்று கேட்டுச் சொல்லும்படி மகனிடம் சொல்லியிருக்கிறாராம். இவ்விதழ் அச்சுக்குப் போகும் வரை பதில் வரவில்லை.