பாடத்தில் இருக்கும் எர்த், பிளக்கில் இல்லாத எர்த்

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் இருக்கிறது அருள்புரம். பனியன் கம்பெனி வேலையை நம்பிப் பல மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் லைன் வீடுகளில் குடியிருக்கும் பகுதி. ஒரே அறையில் சமையல், படுக்கை. சில வீடுகளில் பவர் டேபிள் போட்டுத் தைப்பதும் அங்கேயேதான். டியூப்லைட்டுக்கும் ஃபேனுக்கும் என்று இழுத்த ஒயரில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்கும். அதில் 1,500 வாட் ஹீட்டர் ராடு, 1,000 வாட் அயர்ன் பாக்ஸ், 700 வாட் ரைஸ் குக்கர் மூன்றையும் காலையில் ஒன்றாகப் போட்டால் 3,200 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 14 ஆம்பியர். பாக்ஸ் செருகியிருப்பதோ 6 ஆம்பியர் சாக்கெட்டில். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு பெரிய விஷயமில்லை. நம் மாநிலப் பாடநூலின் மின்னியல் பாடத்திலேயே வீட்டு மின்சுற்றும் ஃபியூஸும் எர்த்தும் வருகின்றன. ஆனால் விடைத்தாளில் போட்ட கணக்கை அதே பிள்ளை வீட்டுச் சுவரில் போட்டுப் பார்ப்பதில்லை. காரணம் எளிது: ஒயரைக் கையில் பிடித்து அந்தப் பிள்ளை அதைப் படிக்கவில்லை.

கையால் செய்தால்தான் புரியும் சங்கதிகள் இதில் நிறைய. சுவிட்சை பேஸ் ஒயரில் போட்டாலும் நியூட்ரலில் போட்டாலும் பல்பு எரியும், அணையும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நியூட்ரலில் போட்டிருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். பல்பு மாற்றப் போனவருக்கு ஷாக் அடிக்கும். நிறமும் அப்படித்தான். நம் ஊர் ஒயரிங் வழக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். கடையில் வாங்கும் மிக்ஸியின் கார்டிலோ பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். இது தெரியாமல் பிளக் மாற்றுகிறவர் நீலத்தை எங்கே கொடுப்பார்? மூன்று முள் பிளக்கில் தடித்த முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு ஓட்டை சாக்கெட்டில் செருகும் பழக்கம் வேறு. ஒடிந்தது எர்த் முள். அயர்ன் பாக்ஸின் உலோக உடம்பில் கரண்ட் கசிந்தால் அது போவதற்கிருந்த பாதுகாப்பான வழி அதுதான். எம்சிபி இருக்கிறதே என்ற தைரியமும் பலருக்கு உண்டு. எம்சிபி காப்பது ஒயரை; அதன் அளவுக்கு மேல் கரண்ட் போனால்தான் துண்டிக்கும். 6 ஆம்பியர் என்பது 6,000 மில்லி ஆம்பியர். மனித உடம்புக்கு ஆபத்து வர சில பத்து மில்லி ஆம்பியரே போதும். போகும் கரண்டையும் திரும்பும் கரண்டையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபிதான் ஆளைக் காப்பது.

"பிள்ளைகள் கையில் கரண்டைக் கொடுப்பதா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான பயம். இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் சாவதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் சொல்கின்றன. ஆனால் பெரும்பாலானதைக் கற்றுக்கொடுப்பதற்கு மெயின் கரண்டே வேண்டியதில்லை. மரப்பலகையில் ஒரு சுவிட்ச், ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட். முதலில் பேட்டரியும் சின்ன பல்பும். இன்சுலேஷனை எவ்வளவு சீவுவது, பித்தளைத் திருகுக்குள் ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் எப்படி முறுக்கி நுழைப்பது என்பதெல்லாம் கரண்ட் இல்லாத போர்டில் பழகுகிற வேலை. பலகையை மெயினில் இணைப்பது ஆசிரியர் மட்டும்தான். அதுவும் ஆர்சிசிபி வழியாக, ஒரு பல்பைத் தொடரில் போட்டு. மாணவன் எங்காவது ஷார்ட் செய்திருந்தால் ஃபியூஸ் வெடிக்காது, அந்தத் தொடர் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து தப்பைக் காட்டிக்கொடுக்கும். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் உள்ள சாக்கெட்டில் பார், மெயினை அணை, பிறகு வேலை செய்யும் இடத்தில் டெஸ்டரை வைத்துப் பார், அப்புறம் தொடு: இந்த வரிசை கைப்பழக்கமாகிவிட்டால் பாதி பாடம் முடிந்தது.

அரைகுறை அறிவு ஆபத்து, ஒயரிங் லைசென்ஸ் உள்ளவர் வேலை என்பது இன்னொரு வாதம். இதில் பாதி சரி. தமிழக அரசின் மின்கம்பி உதவியாளர் தகுதித் தேர்வுக்கே ஐந்தாண்டு அனுபவம் கேட்கிறார்கள். வாரம் ஒரு வகுப்பு யாரையும் எலக்ட்ரீஷியன் ஆக்கிவிடாது, ஆக்கவும் வேண்டாம். ஆனால் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளே பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அப்படியே மாற்றிப் போடுவதற்கு லைசென்ஸ் பெற்ற ஒப்பந்ததாரர் வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விலக்கு தருகின்றன. சட்டம் அனுமதிக்கிற, வீட்டில் எப்படியும் யாரோ செய்கிற வேலையைத்தான் ஒழுங்காகச் செய்யச் சொல்லித் தர வேண்டும். பீஸ் கட்டையில் செப்புக் கம்பியைச் சுற்றுகிறவர் யாரிடமும் படித்துவிட்டுச் சுற்றவில்லை. அரைகுறை என்றால் அதுதான். படித்த பிள்ளைக்கு இன்னொரு லாபமும் உண்டு: எர்த் இழுக்காமல் வேலையை முடித்துப் போகிறவரிடம் "பச்சை ஒயர் எங்கே அண்ணா?" என்று கேட்கத் தெரியும்.

மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படை மின் பொறியியல் ஏற்கெனவே இருக்கிறது. அது சில பள்ளிகளில், சில மாணவர்களுக்கு மட்டும். ஷாக் அப்படி ஆள் பார்த்து அடிப்பதில்லை என்பதால், செய்முறை வகுப்பு ஒன்பது, பத்தாம் வகுப்பில் மாணவிகள் உட்பட எல்லோருக்கும் வர வேண்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். அதற்குமுன், உங்கள் வீட்டு மெயின் போர்டில் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அழுத்துங்கள், உடனே கரண்ட் நின்றால் ஆர்சிசிபி வேலை செய்கிறது. இல்லையென்றால், வாடகை கொடுக்கும்போது வீட்டுக்காரரிடம் ஆர்சிசிபி போடச் சொல்லிக் கேளுங்கள்.