கண்ணைத் திறந்தா ஐஷேடோ எங்கே போகுது?

“அரை மணி நேரம் ஐஷேடோ போட்டேன், கண்ணைத் திறந்தா ஒண்ணுமே தெரியல!” இப்படிப் புலம்புறவங்க நிறைய பேர். தப்பு உங்க கையில இல்லைங்க. புருவத்துக்குக் கீழே இருக்கிற தோல் இமை மேல மடிஞ்சு இறங்கினா, அதை ‘ஹூடட்’ கண் என்பார்கள். கண்ணை மூடிப் போடுற நிறம் எல்லாம் அந்த மடிப்புக்குள்ளே போயிடும்.

அதனால கண்ணாடியை நேரா பாருங்க. கண்ணைத் திறந்தே வெச்சு, மடிப்புக்குக் கொஞ்சம் மேலே மேட் பிரவுன் போடுங்க. ஷிம்மர் இமை நடுவுல மட்டும். மடியுற தோல் மேல வெச்சா கண் வீங்கின மாதிரி தெரியும். அங்கே தோல் உரசி நிறம் கலையும், முதல்லயே பிரைமர் தடவிடுங்க.

மடிப்பே தெரியாத ‘மோனோலிட்’ கண்ணா? இமை முடி ஓரத்துல அடர்த்தியா ஆரம்பிச்சு, மேலே போகப் போக மங்கலாக்குங்க. குழி விழுந்த கண்ணுக்கு நிழல் ஏற்கெனவே இருக்கு. இமையில வெளிர் நிறம், வெளி ஓரத்துல மட்டும் அடர் நிறம் போதும்.

அடுத்த தடவை டுடோரியல் பார்த்தா, முதல்ல அவங்க கண் உங்க கண் மாதிரி இருக்கான்னு பாருங்க. பேலட் வாங்குறதெல்லாம் அப்புறம்.