220-ம் 284-ம்: தாபித் இப்னு குர்ரா தந்த விதி

220 என்ற எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை, அதை மட்டும் விட்டுவிட்டு, வரிசையாக எழுதுவோம்: 1, 2, 4, 5, 10, 11, 20, 22, 44, 55, 110. கூட்டினால் 284. இனி 284-ன் வகுத்திகள்: 1, 2, 4, 71, 142. கூட்டினால் 220! இப்படி ஒன்றின் வகுத்திகள் மற்றொன்றைத் தரும் ஜோடிகளை நட்பு எண்கள் என்கிறோம்.

கிரேக்கர்கள் இந்த ஒரு ஜோடியை அறிந்திருந்தார்கள். இத்தகைய ஜோடிகளைக் கண்டுபிடிக்க ஒரு விதியை நிரூபணத்தோடு தந்தவர், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் பணியாற்றிய தாபித் இப்னு குர்ரா. இவரை முஸ்லிம் விஞ்ஞானிகள் பட்டியலில் சேர்த்துப் பகிர்கிறோம். உண்மையில் இவர் ஹர்ரான் நகரத்து ஸாபியி. பனூ மூஸா சகோதரர்கள் இவரது திறமையைக் கண்டு பக்தாதுக்கு அழைத்து வந்தார்கள். அப்பாஸிய கலீஃபா முஃதளித் இவரை அரசவையில் வைத்திருந்தார். திறமைக்கு மதம் பார்க்காத அந்தச் சமூகத்தைப் பற்றிப் பெருமைப்பட, இவரை முஸ்லிமாக்க வேண்டிய தேவையே இல்லை.

விதி இதுதான். 3, 6, 12, 24, 48 என இரட்டித்துச் செல்லுங்கள். அடுத்தடுத்த இரண்டை எடுத்து ஒவ்வொன்றிலும் 1 கழியுங்கள். அவ்விரண்டையும் பெருக்கி, பெருக்கலிலும் 1 கழியுங்கள். 6, 12 என்றால் 5, 11 கிடைக்கும்; 6×12=72, ஒன்று கழித்தால் 71. மூன்றும் பகா எண்கள். எனவே 4×5×11=220, 4×71=284. அந்த 4 என்பது 12-ஐ 3-ஆல் வகுத்தால் வருவது. 12, 24 எடுத்தால் 287 வருகிறது. அது 7×41 என்பதால் தோல்வி. 24, 48 எடுத்தால் 23, 47, 1151. பலன்: 17296, 18416.

இந்த ஜோடியை 1636-ல் ஃபெர்மா கண்டுபிடித்ததாகவே நீண்ட காலம் எழுதி வந்தார்கள். அதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கும் முன்பே பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸி இதை எழுதி வைத்திருந்தார்.

நட்பு என்ற பெயரே வம்பாகவும் ஆனது. 220-ஐயும் 284-ஐயும் எழுதி, இருவரிடையே அன்பை உண்டாக்கும் தாயத்து செய்தவர்கள் இருந்தார்கள். இப்னு கல்தூன் முகத்திமாவில் இதைக் குறிப்பிடுகிறார். தாயத்து, சூனியம் இரண்டையும் ஷரீஅத் ஒரே தட்டில் வைத்துத் தடுக்கிறது என்றும் அதே பகுதியில் எழுதுகிறார். எண்களை வைத்துத் தாயத்து விற்போர் நம் ஊர்களிலும் உண்டு.

தாபித்தின் விதி எல்லா ஜோடிகளையும் பிடிப்பதில்லை. 1184, 1210 என்ற சிறிய ஜோடி அதற்குள் வரவில்லை; அதை 1866-ல் கண்டுபிடித்தவர் 16 வயது இத்தாலிய மாணவர். இத்தகைய ஜோடிகள் முடிவின்றி உண்டா என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.