பூங்குழலியின் கரை: ஏட்டில் அன்று, திரையில் இன்று

கோடியக்கரை என்றதும் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலி நினைவுக்கு வருவாள். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரந்தோறும் வந்த தொடர் அது. கலங்கரை விளக்கக் காவலரின் மகளான அவள், கதைநாயகன் வந்தியத்தேவனைப் படகில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுபோகிறாள். குழகர் கோயில், காடு, புதைசேறு, இரவில் சதுப்பில் எரியும் நெருப்பு என்று அந்தக் கடற்கரையை நாவலாசிரியர் கல்கி கண்முன் நிறுத்தினார். மணியத்தின் ஓவியங்கள் அவளுக்கு முகம் கொடுத்தன. கோடியக்கரையைப் பார்த்திராத பல்லாயிரம் பேர் எழுத்தின் வழியே அங்கே நடமாடினார்கள்.

இந்தக் கதையைத் திரைக்குக் கொண்டுவரும் ஆசை அப்போதே பிறந்துவிட்டது. எம்.ஜி.ஆர். 1958-லேயே படத்தை அறிவித்தார். பின்னாளில் பெரிய இயக்குநராக விளங்கிய மகேந்திரனைக் கொண்டு திரைக்கதையும் எழுதவைத்தார். படம் மட்டும் வரவில்லை. கமல்ஹாசனும் முயன்றார். ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் விரியும் கதை. வாரத்துக்கொரு திடுக்கிடும் திருப்பம். இதை ஒரே இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் அளவுக்குச் சுருக்குவது எப்படி என்பதுதான் எல்லோர் முன்னாலும் நின்ற கேள்வி.

அதற்கு முதல் விடை மேடையிலிருந்து வந்தது. 1999-ல் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் மேஜிக் லாண்டர்ன் நாடகக் குழு 'பொன்னியின் செல்வனை' நடத்தியது. இயக்கியவர் பிரவீண் கண்ணனூர். நாவலை நாடகமாக எழுதியவர் இளங்கோ குமரவேல். கல்கி வாசகரை நேரே கூப்பிட்டுப் பேசுவார், நடுவில் நிறுத்தி வரலாறு சொல்வார். நாடகத்தில் அதற்கு இடமில்லை. தெரியவேண்டியதெல்லாம் பாத்திரங்களின் பேச்சிலும் அசைவிலும் வந்தாக வேண்டும். எந்தக் கிளைக்கதையை வெட்டினாலும் முதன்மைக் கதைக்கு இரத்தம் நிற்கக்கூடாது. ஏறக்குறைய நான்கு மணி நேரம் கூட்டம் கலையாமல் உட்கார்ந்து பார்த்தது என்றால், அந்த எழுத்து அத்தனை பக்குவமாக இருந்தது. 2014-ல் அதே நாடகம் மீண்டும் மேடையேறியது.

குமரவேலைத் திரையில் பார்த்தவர்கள் ஏராளம். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. ராதாமோகனின் 'அபியும் நானும்' (2008) படத்தில் அபி வீட்டுக்கு அழைத்துவரும் பிச்சைக்காரர், அந்தக் குடும்பத்தில் ஒருவராகவே ஆகிவிடும் ரவி சாஸ்திரி, அவர்தான். 'குரங்கு பொம்மை'யில் (2017) பாரதிராஜாவின் பாத்திரத்தை நம்பவைத்துக் கழுத்தறுப்பவரும் அவரே. முன்னதைப் பார்த்து நெகிழ்ந்தவர்கள் பின்னதைப் பார்த்து நடுங்கினார்கள். 'விக்ரம்' (2022) படத்திலும் சிறிய வேடத்தில் வந்தார். நாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் ஒரு முழு மனிதரைக் காட்டவேண்டும். பூங்குழலி, சேந்தன் அமுதன், ஆழ்வார்க்கடியான் என்று துணைப் பாத்திரங்களாலேயே நகரும் நாவலைச் சுருக்க, இந்தப் பயிற்சியைவிடப் பொருத்தமான தகுதி வேறில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நடிப்பும் எழுத்தும் ஒருவரிடமே சேர்வது தமிழுக்குப் புதிதல்ல. அன்று என்.எஸ்.கிருஷ்ணன் தன் நகைச்சுவைப் பகுதிகளைத் தானே அமைத்துக்கொண்டார். சபா நாடகங்களிலிருந்து வந்த விசு, 'மணல் கயிறு' (1982), 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படங்களை எழுதி இயக்கி, முக்கிய வேடத்திலும் நின்றார். எழுத்தும் முகமும் ஒன்றாகவே மக்களிடம் போய்ச் சேர்ந்தன. இன்று நிலைமை வேறு; எழுத்தும் முகமும் தனித்தனியே நிற்கின்றன. 2022 செப்டம்பர் 30-லும் 2023 ஏப்ரல் 28-லும் இரு பாகங்களாக வந்த 'பொன்னியின் செல்வன்' திரைக்கதையில் மணிரத்னம், ஜெயமோகனோடு குமரவேலின் பெயரும் இருக்கிறது. ஜெயமோகன் வசனம் எழுதினார். மணிமேகலை போன்ற பாத்திரங்களை விட்டார்கள். நாவலின் அன்பர்கள் வருந்தினார்கள், அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் அப்படி எதையும் இழக்காமல் இந்தக் கதை திரைக்கு வந்திருக்காது. முதல் பாகம் 70-வது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானது.

கோடியக்கரையும் மாறியிருக்கிறது. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் கலங்கரை விளக்கத்தில் எஞ்சியிருந்த பகுதி 2004 சுனாமியில் சிதைந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பகுதியையே புரட்டிப்போட்டது. கல்கி எழுதிய காலத்துக்குப் பிறகு, 1967-ல், காட்டின் ஒரு பகுதி சரணாலயமானது. வெளிமான்களும் பூநாரைகளும் அங்கே காப்பாற்றப்படுகின்றன. ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்கு அப்பால் இலங்கை. பூங்குழலி துடுப்புப் போட்ட அதே நீரில் 1974, 1976 ஒப்பந்தங்கள் எல்லைக்கோடு கிழித்துவிட்டன. இன்று அந்தக் கோட்டைத் தாண்டினால் மீனவர் கைதாகிறார், படகும் பறிபோகிறது. நாவலில் வழியாக இருந்த கடல் இப்போது வேலியாகிவிட்டது.

ஏட்டிலிருந்து திரைக்கு இந்தக் கதை வந்து சேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பணமும் தொழில்நுட்பமும் நட்சத்திரங்களும் கைகொடுத்தது உண்மை. அவற்றுக்கு முன்பே, புகழை எதிர்பாராமல் மேடைக்காக எழுதிப் பார்த்த உழைப்பு இருந்தது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். எழுதியவர் பெயரையும் சிறு வேடத்தில் நடித்தவர் பெயரையும் படியுங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறையும் மாவட்ட நிர்வாகமும் மனம்வைத்தால், அந்த மேடை நாடகத்தைக் கோடியக்கரையிலேயே, மீனவர் குடும்பங்கள் முன்வரிசையில் அமர்ந்து பார்க்க நடத்தலாம். அவர்கள் கடலின் கதை அது. அதை முதலில் பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.